மிளகாய்ச் செடியின் நுனியைக் கிள்ளலாமா?

கேள்வி: மொட்டை மாடியில் பெயின்ட் வாளிகளில் ஆறு மிளகாய்ச் செடி வைத்திருக்கிறேன். வைகாசியில் விதை போட்டது. இரண்டடி உயரத்துக்குக் குச்சி மாதிரி வளர்ந்து நிற்கின்றன. பூ வருகிறது, பாதி கொட்டிவிடுகிறது. நுனியை வெட்டினால் புதர் போலத் தழைத்து நிறையக் காய்க்கும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. “பூ வெச்ச செடியில கத்தரிய வெக்காத” என்கிறார் மாமியார். பிறகு போட்ட விதையில் நாலு கன்று இப்போதுதான் எழும்பி வருகிறது. எதை வெட்டலாம், எதை விடலாம்? வீட்டில் பீடி சுற்றுகிறோம். அந்தக் கத்தரியாலேயே வெட்டிவிடலாமா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பீடிக் கத்தரி வேண்டவே வேண்டாம். புகையிலையும் மிளகாயும் ஒரே குடும்பத்துச் செடிகள். புகையிலையைத் தாக்கும் தேமல் வைரஸ் மிளகாயையும் தாக்கும். இலை காய்ந்து தூளான பிறகும் அந்த வைரஸ் சாகாமல் வருஷக்கணக்கில் கிடக்கும். கத்தரியில், விரலில், நகக்கண்ணில் ஒட்டியிருக்கிற தூள் செடியின் காயத்தில் பட்டாலே போதும். கொஞ்ச நாளில் இலையில் வெளிர் பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத்திட்டாகத் தெரியும், இலை நெளியும், காய் சிறுக்கும். வந்துவிட்டால் மருந்து கிடையாது, பிடுங்கிப் போட வேண்டியதுதான். அதனால் தோட்டத்துக்கென்று தனியாக ஒரு சின்னக் கத்தரி வாங்கி, யாரும் மாற்றி எடுக்காதபடி பிடியில் சிவப்புத் துணி சுற்றி வையுங்கள். பீடி சுற்றி முடித்த கையோடு மாடி ஏறாதீர்கள். நகம் வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுச் செடியைத் தொடுங்கள். உங்கள் வீட்டில் இந்த ஒன்றுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

சரி, இனி வெட்டுகிற விஷயம். பக்கத்து வீட்டு அக்கா சொல்வதும் மாமியார் சொல்வதும் இரண்டுமே சரி. அக்கா சொல்வது அந்த நாலு கன்றுக்கு, மாமியார் சொல்வது அந்த ஆறு செடிக்கு.

மிளகாய் வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் ஒற்றைத் தண்டாக மேலே போகும். ஏழெட்டு இலை, சில ரகத்தில் பத்துப் பன்னிரண்டு இலை வந்ததும் நுனியில் முதல் மொட்டு வைக்கும். அந்த இடத்திலேயே தண்டு இரண்டாகப் பிரிந்து கவட்டை விழும். அப்புறம் ஒவ்வொரு கவட்டையிலும் ஒரு பூ, அதற்கு மேல் இன்னொரு கவட்டை. அதாவது, வயசு வந்ததும் மிளகாய் தானாகவே கிளைக்கும். வயலில் ஏக்கர் கணக்கில் போடுகிறவர்கள் பெரும்பாலும் நுனி கிள்ளாததற்கு இது ஒரு காரணம். உங்கள் ஆறு செடியும் பூ வைத்தாயிற்று, கவட்டையும் விழுந்தாயிற்று. இப்போது தலையை வெட்டினால் பூவும் பிஞ்சும்தான் போகும். மறுபடி துளிர்த்துப் பூக்க மூன்று நாலு வாரம் ஆகும்.

கன்றுகளுக்குக் கதை வேறு. நுனிக் கொழுந்தில் ஊறும் ஆக்சின் என்ற பொருள் கீழே இறங்கி, இலைக்கக்கத்தில் இருக்கிற மொட்டுகளைத் தூங்க வைத்திருக்கும். கொழுந்தை எடுத்துவிட்டால் அவை விழித்துக்கொள்ளும். துளசியைக் கிள்ளக் கிள்ளத் தழைக்கிறதே, சாமந்தி போடுகிறவர்கள் நட்ட ஒரு மாதத்தில் தலை கிள்ளுகிறார்களே, எல்லாம் இதே கணக்குதான். கன்றை வாளிக்கு மாற்றி, பத்து நாளில் வேர் பிடித்துப் புது இலை விட்டதும் எண்ணிப் பாருங்கள். முளைத்தபோது வந்த இரண்டு வித்திலைகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நல்ல இலை ஆறு இருக்கட்டும். ஆறாவது இலைக்குச் சற்று மேலே, கால் அங்குலம் விட்டு, கட்டைவிரல் நகத்தால் கிள்ளிவிடுங்கள். இளந்தண்டுக்குக் கத்தரியே தேவையில்லை. வெயில் தாழ்ந்த பிறகு கிள்ளினால் காயம் காய்வதற்கு ராத்திரி முழுக்க நேரம் இருக்கும்.

நாலைந்து நாள் கழித்து ஒவ்வொரு இலையும் தண்டோடு சேரும் இடத்தில் பாருங்கள். கேழ்வரகு அளவுக்குப் பச்சையாக ஒரு புள்ளி உப்பியிருக்கும். அதுதான் புதுக் கிளை. அதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்தில் சிலர் அந்தக் கிளைகளையும் திரும்பக் கிள்ளிக்கொண்டே போவார்கள். வேண்டாம். ஒரு தடவை போதும். கிள்ளின செடியில் முதல் காய் இரண்டு வாரம்போலத் தள்ளிப் போகும். செடி குட்டையாக, அடி பருத்து, காற்றுக்கு அசையாமல் நிற்பதற்குத் தருகிற விலை அது. வாளியில் வளர்ப்பவருக்கு அந்த விலை தகும் என்பது என் கருத்து.

பெரிய செடிகளில் செய்ய வேண்டியது வேறு. முதல் கவட்டைக்குக் கீழே மண்ணை ஒட்டித் தொங்கும் இலைகளையும், அங்கிருந்து கிளம்பும் மெலிந்த குருத்துகளையும் எடுத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றும்போது மண் தெறித்து நோய் ஏறுவது அந்த வழியாகத்தான். மேலே இருக்கிற இலைகளைத் தொடாதீர்கள். நம் பக்கத்து வெயிலுக்குக் காய்க்கு இலைதான் குடை. ஒரு வருஷம் அக்னி நட்சத்திரத்தில் என் செடிகளைத் தாராளமாகக் கவாத்து செய்தேன். வெயில் நேராகப் பட்ட காய்களில் வெள்ளையாக, காகிதம்போல ஒரு பக்கம் வெந்துபோனது. இரண்டு செடி நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்தே போயின. அதிலிருந்து சித்திரை வைகாசியில் நான் கத்தரியைத் தொடுவதில்லை.

ஆடிக் காற்றுக்கு இரண்டடிக் குச்சி தாங்காது. மிளகாய் கவட்டையில்தான் படக்கென்று பிளக்கும். பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி நட்டு, பழைய லுங்கிக் கிழிசலால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். காய் பறிக்கும்போதும் ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு பறிக்க வேண்டும்.

குச்சி மாதிரி நெடுநெடுவென்று போனதற்கு வெயில் போதாமையே காரணமாக இருக்கும். வாளிகள் தண்ணீர்த் தொட்டியின் நிழலிலோ சுவரை ஒட்டியோ இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். பூ கொட்டுவதை வெட்டி நிறுத்த முடியாது. பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் தரை சூடு ஆறாமல் இருந்தால் பூ நிற்காது. வாளியை நேராகத் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மண்ணின் மேல் தென்னை நார் பரப்புங்கள். ஒருநாள் காயவிட்டு மறுநாள் குடம் குடமாக ஊற்றுவதும் பூவைக் கொட்டவைக்கும். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். அதற்கு மேல் போனால் இலைதான் கொழுக்கும், பூ வராது.

இன்னொன்று. இலை மேல்நோக்கிப் படகுபோலச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன் என்று சந்தேகப்படுங்கள். அப்படி இருக்கிற செடியை இப்போது கிள்ள வேண்டாம். சுருண்ட கொத்து ஒன்றை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, பள்ளிகொண்டா வழியாக விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். என்ன பூச்சி என்று தெரிந்துகொண்டு மருந்து தேடலாம்.

மாமியாரிடம் இதை விவாதமாக வளர்க்க வேண்டாம். நாலு கன்றில் மூன்றைக் கிள்ளுங்கள், ஒன்றை அவர் சொல்படி அப்படியே விடுங்கள். ஒரே மண், ஒரே தண்ணீர். பறிக்கிற காயை வாளிவாரியாக எண்ணி ஒரு நோட்டில் எழுதி வைத்து, கார்த்திகையில் எனக்கு மறுபடி எழுதுங்கள். உங்கள் மாடியில் எது ஜெயித்தது என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை.