திரும்பும்போது டக் டக், கிளம்பும்போது டொம்: ஃபோர் வீல் டிரைவ் ஜாயின்ட் சத்தம், கேள்வி பதில்

என்ஜின் இழுவையைச் சக்கரத்துக்குக் கடத்தும், மடங்கிச் சுற்றும் மூட்டுதான் ஜாயின்ட். அதன் சத்தம் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். "சத்தம் வருது, என்ன மாத்தலாம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். திரும்பும்போதா, மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா, 2எச்-ல் (பின்சக்கரம் மட்டும் இழுப்பது) வருகிறதா 4எச்-லா (நான்கும் இழுப்பது)? அதைச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி (கோத்தகிரி): அண்ணா, புது மாடல் மஹிந்திரா தார். கொண்டை ஊசி வளைவில் வலது பக்கம் ஒடித்தால் முன்னால் டக் டக் என்கிறது. ரோட்டில் எப்போதும் 2எச்-தான். ஒர்க்‌ஷாப்பில் இரண்டு பக்க ஆக்ஸிலையும் மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: பணத்தை எடுத்து வைக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். "ஒடித்தால் டக் டக், அப்படியென்றால் வெளி சிவி ஜாயின்ட் (ஆக்ஸிலின் சக்கரப் பக்க மூட்டு)" என்ற கணக்கு முன்சக்கரம் இழுக்கும் கார்களுக்குச் சரி. அங்கே என்ஜினின் இழுவை முழுக்க அந்த ஜாயின்ட் வழியாகத்தான் போகிறது. உங்கள் வண்டி 2எச்-ல் ஓடும்போது முன் ஜாயின்ட்டுக்கு இழுவையே கிடையாது, சும்மா சுற்றும். தேய்ந்த ஜாயின்ட்கூட அந்த நிலையில் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கும்.

ஆகவே சோதனையை மண் தரையில் செய்யுங்கள். 4எச் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, நடை வேகத்தில் ஒரு வட்டம். அப்புறம் அதே வட்டம் ரிவர்ஸில். நண்பர் ஒருவரைச் சற்றுத் தள்ளி நின்று கேட்கச் சொல்லுங்கள். 4எச்-ல் மிதிக்க மிதிக்க டக் டக் பலமானால் ஜாயின்ட்தான். 2எச்-லும் 4எச்-லும் ஒரே மாதிரி வந்தால் பிரேக் பேடு ஆட்டம், டிஸ்க்கின் பின்னால் இருக்கும் தகடு உரசுவது, பால் ஜாயின்ட், வீல் பேரிங் என்று தேடுங்கள். வலது பக்கம் ஒடித்தால் இடது ஜாயின்ட் என்று ஒரு விதி சொல்வார்கள். பல சமயம் சரிதான். ஆனாலும் அதை மட்டும் நம்பி பாகம் வாங்காதீர்கள்.

கேள்வி (வால்பாறை): சத்தம் எதுவும் இல்லை. சர்வீஸில் பூட் (ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்திருக்கிறது என்கிறார்கள். ஜாயின்ட்டையே மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். சத்தம் இல்லாதபோதே பார்த்தது உங்கள் நல்ல நேரம். சக்கரத்தை முழுக்க ஒடித்து வைத்தால் ரப்பர் மடிப்பு விரியும். கிழிசல் வழியாகக் கொஞ்சம் கிரீஸை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் பிழைத்தது. நறநறவென்றால் மண் உள்ளே போய்விட்டது, ஜாயின்ட்டைக் கழற்றிக் கழுவி, குண்டுகளும் அவை ஓடும் பள்ளங்களும் எப்படி இருக்கின்றன என்று பார்த்த பிறகே முடிவு. பள்ளத்தில் நகம் தட்டினால் அது போய்விட்டது.

புது பூட் போடும்போது கறுப்பு மாலி கிரீஸ்தான், அதாவது மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்தது. பூட் கிட்டில் பாக்கெட்டாகவே வரும். கடையில் டப்பாவில் இருக்கும் சாதாரண கிரீஸை அடைத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

கேள்வி (கூடலூர்): மாருதி ஜிப்ஸி. கையால் திருகும் ஃப்ரீ வீல் ஹப் (முன்சக்கரத்தை ஆக்ஸிலோடு சேர்ப்பது, பிரிப்பது). முன்னால் எங்கிருந்தோ சத்தம், எதுவென்று பிரிக்க முடியவில்லை.

பதில்: அந்த ஹப்பைவிட நல்ல சோதனைக் கருவி கிடையாது. முதலில் இரண்டு ஹப்பையும் ஃப்ரீயில் வைத்து 2எச்-ல் ஓட்டுங்கள். இப்போது முன் ஆக்ஸில், ஜாயின்ட், முன் புரொபெல்லர் ஷாஃப்ட் (ஆக்ஸிலுக்கு இழுவை கொண்டுவரும் நீளத் தண்டு) எல்லாம் நிற்கும், சக்கரம் மட்டும் சுற்றும். சத்தம் இருந்தால் பேரிங், பிரேக், டயர். அடுத்து ஹப்பை லாக் செய்து, 2எச்-லேயே ஓட்டுங்கள். எல்லாம் சுற்றும், ஆனால் இழுவை இல்லை. இப்போது புதிதாக வரும் சத்தம் முன் ஷாஃப்ட்டின் கிராஸ் (சிலுவை வடிவ மூட்டு) அல்லது டிஃபரன்ஷியல் (இழுவையை இரு சக்கரத்துக்கும் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) பக்கத்தது. கடைசியாக மண்ணில் 4எச். அப்போது மட்டும் டக் டக் என்றால் நக்கிள் (சக்கரம் திரும்பும் இடம்) உள்ளே இருக்கும் ஜாயின்ட்.

கூடவே நக்கிள் உருண்டையைத் துடைத்துப் பாருங்கள். கிரீஸுக்குப் பதில் கஞ்சி மாதிரி எண்ணெய் வழிந்தால் உள் ஆயில் சீல் போய், டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் வந்து கலக்கிறது. ஜாயின்ட்டை மட்டும் மாற்றி சீலை விட்டால் மறுபடியும் அதே கதைதான்.

கேள்வி (போடி): மெதுவாகப் போகும்போது அடியில் கீச் கீச். வேகத்துக்கு ஏற்ப கூடுகிறது. மழையில் காணாமல் போகிறது!

பதில்: புரொபெல்லர் ஷாஃப்ட் கிராஸ், காய்ந்துவிட்டது. கிராஸின் கப்பைச் சுற்றிச் செம்பொடி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். உள்ளே ஊசி பேரிங் துருப்பிடித்து அரைபடுகிற பொடி அது. கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் முனை) இருந்தால் நான்கு கப்பிலிருந்தும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்தக் கப்தான் சாகப்போகிறது. செம்பொடி ஏற்கெனவே இருந்தால் கிரீஸ் கொஞ்ச நாள் வாயை அடைக்கும், அவ்வளவுதான். கழற்றும் முன் ஷாஃப்ட்டிலும் அது போல்ட்டாகும் ஃபிளாஞ்சிலும் பெயின்ட் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு முனை நுகங்களும் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) தப்பான கோணத்தில் மாட்டப்பட்டால் சத்தம் போய் அதிர்வு வரும்.

கேள்வி (திருச்சி): தார் ரோட்டில் 4எச் போட்டுத் திருப்பினால் வண்டி இழுத்துப் பிடித்து, டொக்கென்று விடுகிறது. ஜாயின்ட்டா?

பதில்: இல்லை. பார்ட் டைம் சிஸ்டத்தில் (தேவைப்படும்போது மட்டும் 4எச் போடும் வகை) 4எச்-ல் முன்னும் பின்னும் பூட்டிக்கொள்ளும். திரும்பும்போது முன்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், டயர் வழுக்க இடமில்லை. காய்ந்த ரோட்டில் 2எச்.

கேள்வி (நுவரெலியா): அண்ணே, பழைய மாடல் லேண்ட் ரோவர் டிஃபெண்டர். கியர் போட்டுக் கிளம்பும்போதும், காலை எடுக்கும்போதும் டொம் என்று அடிக்கிறது. கிராஸ் இரண்டும் புதுசு போட்டாச்சு.

பதில்: இந்த வண்டிக்கு இது பழக்கமான நோய். எல்லாச் சக்கரமும் எப்போதும் இழுப்பதால் ஆட்டம் எங்கே இருந்தாலும் சேர்ந்துகொண்டு ஒரே அடியாகக் கேட்கும். சந்தேகம் முதலில் டிரைவ் ஃபிளாஞ்ச் (ஆக்ஸில் நுனியைச் சக்கரத்தோடு இணைக்கும் தகடு) மேல். சக்கரத்தின் நடுவில் இருக்கும் மூடியைக் கழற்றினால் ஆக்ஸில் நுனி தெரியும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கியரை நியூட்ரலில் விட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். அந்தப் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் (இழுவையை முன்னும் பின்னும் பிரிக்கும் பெட்டி) பின்னால் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது. போட்டிருந்தால் ஷாஃப்ட் அசையாது. இதே காரணத்தால், ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால் ஹேண்ட் பிரேக் போட்டிருந்தும் வண்டி உருளும். கட்டை இல்லாமல் அடியில் போகவே கூடாது.

இப்போது ஒருவர் ஷாஃப்ட்டைக் கையால் முன்னும் பின்னும் திருகட்டும், நீங்கள் ஃபிளாஞ்ச் நடுவைப் பாருங்கள். ஆக்ஸில் நுனி அசைந்து ஃபிளாஞ்ச் அசையாமல் நின்றால் இரண்டும் கோத்துக்கொள்ளும் ஸ்ப்லைன் பல் தேய்ந்துவிட்டது. ஃபிளாஞ்ச் மலிவு. ஆக்ஸில் பல்லும் கூரானால் இரண்டையும் மாற்றுங்கள், புது ஃபிளாஞ்சைப் பழைய பல் சீக்கிரமே தின்றுவிடும். இது சரியாக இருந்தால் பின் ஆக்ஸிலுக்கு மேலே ஏ வடிவக் கையின் பால் ஜாயின்ட்டைக் கம்பியால் நெம்பிப் பாருங்கள்.

கேள்வி (கோவை): தாரை 2 அங்குலம் தூக்கிய பிறகு, 4எச்-ல் மேட்டில் மிதித்தால் நேராகப் போகும்போதே முன்பக்கம் நடுங்குகிறது. டக் டக் இல்லை.

பதில்: நேராக, இழுவையில் நடுக்கம் என்றால் உள் ஜாயின்ட் (ஆக்ஸிலின் டிஃபரன்ஷியல் பக்க மூட்டு) பக்கம் பாருங்கள். வண்டியைத் தூக்கினால் டிஃபரன்ஷியல் தன் இடத்திலேயே இருக்க, ஆக்ஸில் கோணம் மட்டும் கூடும். உள் ஜாயின்ட் அந்த அளவு மடக்கத்துக்கு ஆனதல்ல. பூட் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசினால் அதுவும் சீக்கிரம் கிழியும். லிஃப்ட்டைக் கொஞ்சம் இறக்கி ஓட்டிப் பாருங்கள், நடுக்கம் குறைந்தால் காரணம் கோணம்தான். டிஃபரன்ஷியலை இறக்கும் கிட் போடலாம், இல்லாவிட்டால் உயரத்தை விட்டுக்கொடுக்கலாம்.

கேள்வி (சேலம்): டக் டக்கோடு எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

பதில்: 2எச்-ல், ரோட்டில், வீடு வரை. அதே ஜாயின்ட்டோடு 4எல் (மெதுவான, அதிக இழுவைக்கான நிலை) போட்டுப் பாறை ஏறாதீர்கள். உடைந்த துண்டு சிக்கினால் ஸ்டியரிங் ஒடித்த நிலையிலேயே இறுகிக்கொள்ளும், பள்ளத்து ஓரத்தில் அது வேண்டாம்.