முட்டி வீங்கினால் கை பழகுகிறது என்று அர்த்தமா?

கேள்வி: எனக்கு 22 வயது. ஒரு மாதமாகக் குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போகிறேன். பஞ்சிங் பேகில் வலது கையால் ஓங்கிக் குத்தியபோது சுண்டுவிரல் முட்டிக்குக் கீழே சுரீரென்றது. நான்கு நாளாகப் புறங்கை வீங்கியிருக்கிறது. "ஆரம்பத்தில் அப்படித்தான், குத்தக் குத்தக் கை பழகிவிடும்" என்கிறார்கள் நண்பர்கள். பயிற்சியைத் தொடரலாமா?

பதில்: வேண்டாம். முதலில் ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் இடத்தில், சுண்டுவிரலுக்கான உள்ளங்கை எலும்பின் கழுத்துப் பகுதி முறிவது மிகச் சாதாரணம். 'பாக்ஸர் முறிவு' என்றே அதற்குப் பெயர். ஆனால் தேர்ந்த பாக்ஸர்களைவிட, கோபத்தில் சுவரைக் குத்திவிட்டு வருகிறவர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறோம்.

காரணத்தை உங்கள் இடது கையிலேயே பார்க்கலாம். வீட்டில் யாரையாவது அந்தச் சுண்டுவிரல் முட்டியைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள், நன்றாக அசையும். ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள் அசைந்து கொடுக்காது. அவற்றின் எலும்புகள் மணிக்கட்டோடு இறுகப் பிணைந்தவை. குத்தின் பாரம் இந்த இரண்டு முட்டிகளில்தான் இறங்க வேண்டும்.

புதிதாகக் கற்பவர்களுக்குக் களைப்பு வந்ததும் முழங்கை வெளியே விலகும், நேராகப் போக வேண்டிய கை வளைந்து போகும், சுண்டுவிரல் பக்கம் முதலில் பேகில் மோதும். உங்களுக்கும் இதுதான் நடந்திருக்கும் என நினைக்கிறேன். முழங்கை விலாவை ஒட்டிக் கிளம்பட்டும். புறங்கையும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்கட்டும். கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் வைத்து மூடாதீர்கள். வெளியே, ஆள்காட்டி, நடுவிரல்களின் மேல் மடங்கியிருக்க வேண்டும். முஷ்டியை ஆரம்பத்திலிருந்தே இறுக்கினால் தோள்தான் சோர்ந்துபோகும். பேகைத் தொடும் நொடியில் இறுக்கினால் போதும். பலம் பின்னங்காலை ஊன்றி இடுப்பைத் திருப்புவதில் இருக்கிறது, கையில் தேடாதீர்கள். முழங்கையை 'டக்'கென்று முழுசாக நீட்டிப் பூட்டவும் வேண்டாம், அங்கேயும் வலி வரும்.

கிளவுஸ் போட்டால் போதும் என்று சிலர் கைக்குத் துணி சுற்றுவதில்லை. அது தப்பு. நாலரை மீட்டர் துணி வாங்கி, மணிக்கட்டில் மூன்று நான்கு சுற்று, முட்டிகளின் மேல் சில சுற்று என்று கட்டுங்கள். விரல் நுனி வெளுத்தாலோ மரத்தாலோ அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? கையைச் சற்று உயர்த்தி வையுங்கள். ஐஸைத் துணியில் சுற்றி ஒரு தடவைக்கு 15 நிமிடம் வையுங்கள். எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். மெதுவாக விரல்களை மடக்கும்போது சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறினால், எலும்பு திருகியிருக்கலாம். அன்றைக்கே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம் உள்ள குழியை அழுத்தினால் வலிக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே இருக்கும் சின்ன எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். வலி இருந்தால் 10 முதல் 14 நாட்களில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

முறிவு இருந்து, எலும்பு அதிகம் விலகாமல் இருந்தால், பெரும்பாலும் சில வாரம் கட்டுப் போட்டாலே கூடிவிடும். முறிவு இல்லையென்றாலும் வீக்கம் வடிந்து, முஷ்டியை வலியின்றி இறுக்க முடிகிற வரை பேகைத் தொடாதீர்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு குத்துவது அதைவிட மோசம். அதுவரை கால் நகர்த்தும் பயிற்சி செய்யலாம். திரும்பிப் போனதும் முதலில் கண்ணாடி முன் காற்றில் குத்திப் பழகி, உங்கள் முழங்கையை மட்டும் கவனிக்கும்படி கோச்சிடம் சொல்லுங்கள்.