ஊற்றுகிற கை

"அன்புள்ள அண்ணன், நான் கெடா மாநிலம் பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்காரன். குடியை விட்டு ஏழு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் மாமா மகன் கல்யாண விருந்து. மச்சான்மார் விடமாட்டார்கள். மாத்திரை சாப்பிடுகிறேன் என்று பொய் சொல்லலாமா? ஆல்கஹால் இல்லாத பீர் பரவாயில்லையா? போகாமல் இருந்தால் கோழை என்பார்கள். எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது."

அன்புள்ள தம்பி,

பொய் சொல்லுங்கள், தப்பில்லை. அந்த பீர் வேண்டாம், அதே வாசனையும் கசப்பும் பழைய ஆசையைக் கிளப்பிவிடும். ஆனால் கோழை என்று எழுதினீர்களே, படித்ததும் கோபம் வந்தது. ஏழு மாதம் ஒவ்வொரு சாயங்காலத்தையும் தாண்டி வந்தவன் கோழையா? இன்னொரு முறை எனக்கு அப்படி எழுதாதீர்கள்.

குடியை விட்டவனுக்கு எல்லோரும் புத்தி சொல்கிறோம். ஊற்றிக் கொடுப்பவனை யாரும் கேட்பதில்லை. என் அப்பா பால்மரம் வெட்டியவர். தங்கை பிறந்த பிறகு பதினோரு மாதம் குடியைத் தொடவில்லை. பெரியப்பா மகள் கல்யாணத்தில், தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால், பெரியப்பாவே கிளாசை அவர் கையில் வைத்து "எனக்காக ஒரு வாய்டா" என்றார். அப்பா இரண்டு தடவை தள்ளினார். மூன்றாவது தடவை தன் அண்ணன் முகம் வாடுவதைப் பார்த்து வாங்கிக்கொண்டார். எனக்கு ஒன்பது வயது, சிராப் கிளாசோடு பக்கத்தில் நின்றேன். அன்றைக்குக் கைநழுவியது, சாகும்வரை அவரால் மறுபடி பிடிக்க முடியவில்லை. பெரியப்பா கெட்டவர் இல்லை, தம்பி. அப்பா செத்தபோது முன்னால் நின்று எல்லாம் செய்தவர் அவர்தான். பாசத்தில்தான் ஊற்றினார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே, 1940-களில், ஹார்வர்ட் ரப்பர் தோட்டத்து ஏ. எம். சாமியும் அவர் திரட்டிய தொண்டர் படை இளைஞர்களும் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தார்கள். வாங்கின கூலி அங்கேயே போய்க்கொண்டிருந்த காலம். விழுந்து கிடப்பவனைத் திட்டுவதோடு அவர்கள் நிற்கவில்லை, ஊற்றுகிற இடத்துக்கே போய் நின்றார்கள். இன்று கல்யாணத்துக்குக் கல்யாணம் நாமே கடை வைக்கிறோம். பெட்டி பெட்டியாக பீர் இறக்காவிட்டால் மரியாதை இல்லையாம். "கம்பெனி கொடு" என்கிற மச்சான், மறுநாள் காலையில் உங்கள் கை நடுங்கும்போது வருவானா?

சரி, கல்யாணம். தாலி கட்டும்போதே போய்விடுங்கள். விருந்தில் குடிக்காத ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள், வயிறு நிறையச் சாப்பிடுங்கள், பாட்டில் திறக்கும்போது கிளம்புங்கள். மோட்டார் சைக்கிள் சாவி உங்கள் பையிலேயே இருக்கட்டும். அதற்கு முன்னால் மாமாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கூச்சமாக இருந்தால் அவர் நம்பரை அனுப்புங்கள், நான் பேசுகிறேன்.