சோலோ மேலே வரவில்லையா? வொல்யூம் பெடலை இடம் மாற்றுங்கள்

ஹட்டன் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கோயில் திருவிழா, கல்யாண வீடு என்று வாசிக்கிற குழுவில் அவர் லீட் கிட்டார். ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பாகம்) உள்ள கிட்டார். அதிலிருந்து காலால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வொல்யூம் பெடல், கரகரப்புத் தரும் ஓவர்டிரைவ், எதிரொலி தரும் டிலே, கடைசியில் அம்ப். "சோலோவுக்குப் பெடலை முழுக்க மிதித்தாலும் சத்தம் கூடுவதில்லை, கரகரப்புத்தான் கூடுகிறது. கிட்டாரில் வொல்யூமைக் குறைத்தால் கம்பளி போர்த்திய மாதிரி மந்தமாகிவிடுகிறது. பூஸ்டர் பெடல் ஒன்று வாங்கட்டுமா?"

வேண்டாம் தம்பி. கையில் இருப்பதே போதும், வரிசைதான் பிழை.

ஓவர்டிரைவ் உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கி, ஓர் அளவுக்கு மேல் போகும் அலையின் உச்சியை வெட்டிவிடும். நாம் கேட்கிற கரகரப்பு அந்த வெட்டுத்தான். ஏற்கெனவே வெட்டுப்படுகிற சிக்னலை இன்னும் பலமாக உள்ளே தள்ளினால் வெட்டு கூடும். அலையின் உயரம் அநேகமாக அப்படியே நிற்கும். ஆகவே ஓவர்டிரைவுக்கு முன்னால் உள்ள வொல்யூம் கரகரப்பை ஆள்கிறது, பின்னால் உள்ளது சத்தத்தை ஆள்கிறது. உங்களுக்குச் சோலோவில் வேண்டியது சத்தம்.

வொல்யூம் பெடலைக் கழற்றி ஓவர்டிரைவுக்கும் டிலேக்கும் நடுவில் மாட்டுங்கள். ரிதம் வாசிக்கும்போது பெடலை முக்கால்வாசியில் நிறுத்தி, பாடுகிறவரின் குரலுக்குச் சற்றுக் கீழே கேட்கும்படி அம்பைச் சரிசெய்யுங்கள். சோலோ வந்ததும் மிச்சத்தையும் மிதிக்கலாம். டிலே பின்னால் இருப்பதால் காலைத் தளர்த்தினாலும் எதிரொலி அறுந்துவிடாது, தானாகத் தேய்ந்து அடங்கும். ஒன்று மட்டும்: அம்பே கரகரக்கிற அளவுக்குத் திருகியிருந்தால் இது பலிக்காது. அதைக் கிளீனாக வையுங்கள். அப்புறமும் கீபோர்டுக்குள் சோலோ மறைந்தால் அம்பில் மிடிலை, அதாவது நடுத்தர ஒலிகளை, கூட்டுங்கள். டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ்கள் லீடுக்கு இவ்வளவு பிடித்துப்போனதற்கு, அவை 720 ஹேர்ட்ஸ் அருகே மிடிலைத் தூக்கிக் கொடுப்பதும் ஒரு காரணம்.

இனிக் கிட்டாரில் உள்ள வொல்யூம் குமிழ். என்னைக் கேட்டால், எந்தப் பெடலையும்விட அருமையான கருவி அதுதான். பலர் 10இல் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். குமிழ் 10இல் இருக்கும்போது சோலோவுக்கு வேண்டிய கரகரப்பு வரும்படி ஓவர்டிரைவை வையுங்கள். அப்படியே ஒரு ஈ மைனர் கோர்டை அடித்தால் ஆறு கம்பிகளும் ஒன்றாகக் குழம்பும். சுண்டு விரலால் 6க்கு இறக்கி அதையே மறுபடி அடியுங்கள். ஒவ்வொரு கம்பியும் பிரிந்து கேட்கும். 3க்கு வந்தால் ஏறக்குறைய கிளீன். ஒரு பெடலையும் மிதிக்காமல் மூன்று குரல்கள் கிடைத்துவிட்டன.

குறைக்கும்போது மந்தமாவதற்குக் காரணம் கேபிள். குமிழை இறக்கினால் சிக்னலின் வழியில் தடை கூடும். கேபிளில் மீற்றருக்கு ஏறக்குறைய 100 பிக்கோஃபரட் கொள்ளளவு இருக்கும். இரண்டும் சேர்ந்து ட்ரெபிளை, அதாவது கூர்மையான மேல் ஒலிகளை, விழுங்கிவிடும். நேரே கிட்டாரில் மாட்டிய வொல்யூம் பெடலும் பிக்கப்புக்குச் சுமைதான், அதனால் இடம் மாற்றியதிலேயே கொஞ்சம் தெளிவு வரும். முதலில் கேபிளின் நீளத்தைக் குறைத்துப் பாருங்கள். போதாவிட்டால் ரேடியோ திருத்துகிற ஒருவரிடம் கொடுத்து, குமிழின் உள்ளே சிக்னல் வரும் காலுக்கும் வெளியேறும் நடுக்காலுக்கும் இடையில் 1000 பிக்கோஃபரட் கப்பாசிட்டரும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரும் பக்கம் பக்கமாகப் பற்றவைக்கச் சொல்லுங்கள். கப்பாசிட்டரின் மேல் 102 என்று அச்சிட்டிருக்கும். செலவு மிகச் சொற்பம். திறந்த கையோடு கொன்டாக்ட் கிளீனரும் அடிக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்து மழைக்கும் பனிமூட்டத்துக்கும் குமிழ்கள் சீக்கிரமே கரகரக்கத் தொடங்கிவிடும்.

பின்னொரு நாள் ஃபஸ் பெடல் (ஓவர்டிரைவைவிட முரட்டுக் கரகரப்புத் தருவது) வாங்கினால் அதைக் கிட்டாருக்கு அடுத்ததாக, எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள். பழைய ஃபஸ் ஃபேஸ் வகைகள் கிட்டாரின் குமிழை இறக்கும்போது அழகாகக் கிளீனாகும். இடையில் வேறு பெடல் வந்தால் அந்தக் குணம் பெரும்பாலும் போய்விடும். ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டர் உள்ளதென்றால் வெப்பநிலைக்கு ஏற்ப ஒலியும் மாறும். நுவரெலியாக் குளிரில் நன்றாக இருந்தது கொழும்பு வெயிலில் தடுமாறலாம். அதனால் வாசிக்கப் போகிற இடத்திலேயே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.