மாவு ரப்பர் மாதிரி ஆகுதுக்கா!

போன இதழில் வீட்டிலேயே சீன டம்ப்ளிங், அதாவது மைதாத் தோலுக்குள் காயோ கறியோ வைத்து மடித்து வேக வைக்கும் பலகாரம், செய்ததைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் முக்கால்வாசி தண்ணீரைப் பற்றியவை, அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கோபியிலிருந்து ஒரு வாசகி: ஒப்பிட்டுக்கு (போளிக்கு) பிசைவது போலவே மைதாவில் எண்ணெய் விட்டுப் பிசைந்து, உள்ளே காய் வைத்து, இட்லிப் பாத்திரத்தில் வேக வைத்தேன். தோல் ரப்பர் மாதிரி ஆகுதுக்கா, ஓரமும் பிரிந்துவிடுகிறது. எங்கே தப்பு?

இரண்டு இடத்தில், கண்ணு. முதலாவது எண்ணெய். ஒப்பிட்டு மாவை எண்ணெயில் ஊறப் போடுவது அது இழுத்துக்கொள்ளாமல் இலையில் விரிய வேண்டும் என்பதற்காக. டம்ப்ளிங்கின் ஓரம் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும், எண்ணெய் பட்ட மாவு எப்படி ஒட்டும்? மைதா, தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான் போட வேண்டும்.

இரண்டாவது, தண்ணீரின் சூடு. நீங்கள் பச்சைத் தண்ணீரில் பிசைந்திருப்பீர்கள். பச்சைத் தண்ணீரில் மைதாவைப் பிசைந்தால் அதிலிருக்கும் பசைப்புரதம் நன்றாக வலைபோல் பின்னிக்கொள்ளும், பரோட்டா மாவு இழுபடுவது அதனால்தான். கொதிக்கும் தண்ணீரில் போட்டு வேக வைப்பதற்கு அந்த மாவு சரி, கொதியில் புரண்டாலும் கிழியாது. ஆவியில் வேக வைத்தால் அதே மாவு இறுகிப்போகும். ஆவிக்கும் தோசைக்கல்லுக்கும் சுடுதண்ணீர் மாவு வேண்டும். சூட்டில் அந்தப் புரதம் பின்னிக்கொள்ளும் சக்தியைப் பாதி இழந்துவிடும், மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து உப்பும், தோல் மிருதுவாக வரும். கொழுக்கட்டைக்கு அரிசி மாவில் கொதிநீர் ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறுகிறோமே, கை வேலை அதேதான்.

அளவு சொல்கிறேன். 300 கிராம் மைதாவுக்குப் பச்சைத் தண்ணீர் என்றால் 150 மில்லி, சுடுதண்ணீர் என்றால் 10, 15 மில்லி கூட. பிசைந்ததும் சொரசொரவென்றுதான் இருக்கும், பயந்துபோய் மேலே தண்ணீர் ஊற்றாதீர்கள். ஈரத்துணி போட்டு மூடி அரை மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி பிசைந்தால் காதுமடல் மாதிரி வழவழப்பாகிவிடும். இதில் 30 உருண்டை வரும். ஒவ்வொன்றையும் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்க்கும்போது நடுவைக் கொஞ்சம் தடிமனாக விட்டு ஓரத்தை மட்டும் மெல்லியதாக்குங்கள். ஓரம் இரண்டு மடிப்பாகச் சேரும் இடம், அங்கேயும் தடிமனாக இருந்தால் மாவு வேகாமல் பல்லில் ஒட்டும்.

திருப்பூரிலிருந்து இன்னொருவர்: முட்டைக்கோஸ் வைத்தால் மடிக்கும்போதே தண்ணீர் விட்டுத் தோல் கிழிகிறது. கோஸை வதக்கிவிடலாமா?

வதக்க வேண்டாம், வதக்கினால் பொரியல் வாசம் வந்துவிடும். மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து வருகிற ஊட்டிக் கோஸில் நீர் அதிகம். பொடியாக நறுக்கி, அரைக் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் உப்புப் பிசறி, கால் மணி நேரம் கழித்து மெல்லிய வேட்டித் துணியில் கட்டி முறுக்குங்கள். நான் போன ஞாயிற்றுக்கிழமை பிழிந்தபோது அரை டம்ளருக்கு மேல் வெளிறிய பச்சை நிறத்தில் தண்ணீர் வந்தது, துணியைப் பிரித்தால் உள்ளே கோஸ் ஒரு கைப்பிடி பந்தாகச் சுருண்டு கிடந்தது. அந்தத் தண்ணீர் முழுக்க மாவுக்குள் போயிருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

கறி வைத்தால் கதையே தலைகீழ், அதற்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். கால் கிலோ கோழிக் கொத்துக்கறியில் உப்பு, இஞ்சி, சோயா சாஸ் போட்டு, மூன்று நான்கு மேஜைக்கரண்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஒரே பக்கமாகக் கிளறிக்கொண்டே இருங்கள். ஐந்து நிமிடத்தில் கறி பிசுபிசுவென்று கரண்டியைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம்தான் பிழிந்த கோஸ். பிராய்லர் நெஞ்சுக்கறி வறண்டுபோகும், தொடைக்கறியாகக் கேட்டு வாங்குங்கள். சீனாவில் பெரும்பாலும் பன்றிக்கறியும் கோஸும்தான், அதன் கொழுப்புக்கு வேறு ருசி.

பொள்ளாச்சியிலிருந்து: மோமோவும் இதுவும் ஒன்றுதானே?

சொந்தக்காரர்கள், ஆனால் ஒன்றில்லை. திருப்பூர், கோவைத் தள்ளுவண்டிகளில் கிடைக்கிற மோமோ திபெத், நேபாளப் பக்கத்துப் பலகாரம், ஆவியில் வேக வைப்பது. நான் சொல்வது சீனர்களின் ஜியாவ்சி. பிறை வடிவில் மடித்து வட சீனாவில் பெரும்பாலும் தண்ணீரில் வேக வைப்பார்கள், அதையே கல்லில் அடியை முறுக விட்டும் எடுப்பார்கள். சீனப் புத்தாண்டுக்கு முந்தின இரவு வீடே சுற்றி உட்கார்ந்து மடிக்கும். அந்த வடிவம் பழைய காலத்து வெள்ளிக் கட்டி மாதிரி இருப்பதால் செல்வம் சேரும் என்று நம்பிக்கை, சில வீடுகளில் ஒன்றுக்குள் காசையும் வைத்து மடிப்பார்கள். வடமேற்குச் சீனாவில் துர்பான் பக்கம் அஸ்தானா கல்லறைகளில் தாங் அரச காலத்து டம்ப்ளிங் காய்ந்துபோய் அப்படியே கிடைத்திருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் மடிப்பு மாறவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

தண்ணீரில் போடும்போது கரண்டியின் பின்புறத்தால் மெல்லத் தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் அடியில் ஒட்டும். கொதி வந்ததும் அரை டம்ளர் பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டும், மறுபடி கொதித்ததும் மறுபடி, கறி வைத்ததற்கு மூன்று தடவை. தோல் குழையாமல் உள்ளே வேக அது அவகாசம் கொடுக்கும்.

ஈரோட்டிலிருந்து: சைனீஸ் நல்லெண்ணெய், கறுப்பு வினிகர் எல்லாம் இங்கே கிடைக்கவில்லை. நம்ம செக்கு எண்ணெய் போதுமா?

போதும், ஆனால் வாசம் வேறு. அவர்கள் எள்ளை வறுத்து ஆட்டுகிறார்கள், கடைசியில் சில சொட்டுதான் விடுவார்கள். நம் செக்கில் பச்சை எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டுகிறோம். அதனால் இரண்டு ஸ்பூன் எள்ளைப் படபடவென்று பொரியும் வரை வறுத்து, கல்லில் ஒன்றிரண்டாக நுணுக்கி, செக்கு எண்ணெயில் கலந்துவிடுங்கள், பக்கத்தில் வந்துவிடும். தொட்டுக்கொள்ள சோயா சாஸும் வினிகரும் சம அளவு, மெல்லிய இஞ்சிச் சீவல், கறுப்பு வினிகரின் லேசான இனிப்புக்காகக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை ஒரு சிட்டிகை.

தாராபுரத்திலிருந்து: இட்லித் தட்டில் ஒட்டிக்கொள்கிறது.

வாழை இலையை அனலில் வாட்டி, எண்ணெய் தடவிப் போடுங்கள். ஒன்றுக்கொன்று விரல் அகலம் இடைவெளி வேண்டும், வெந்ததும் உப்பும்.

கோவையிலிருந்து, வேலைக்குப் போகும் அம்மா: முந்தின நாளே மடித்து ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

கீழ்த்தட்டில் வேண்டாம், விடிவதற்குள் அடி நனைந்து தட்டோடு ஒட்டிவிடும். மைதா தூவிய தட்டில் ஒன்றோடொன்று படாமல் அடுக்கி ஃபிரீசரில் இரண்டு மணி நேரம் வையுங்கள், கல் மாதிரி ஆனதும் பையில் போட்டுக் கட்டிவிடலாம். எடுத்தால் உருக விடாமல் நேராகக் கொதிக்கும் தண்ணீரில் போட வேண்டும், வேக இரண்டு நிமிடம் கூடப் பிடிக்கும்.