மூன்று நாளில் முடிக்கவேண்டுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஐந்து நாளும் ஆட்டம் தாங்கும் கிரிக்கெட் ஆடுகளங்கள்தான் வேண்டும் என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து உங்களோடு சண்டை போட ஆசையாக இருக்கிறது. அட்டவணைப்படி 2027 தொடக்கத்தில் ஆஸ்திரேலியா ஐந்து டெஸ்ட்கள் ஆட இங்கே வருகிறது. எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் இப்போதே வேறு பேச்சு இல்லை. சென்ற முறை அங்கே போய் 3-1 என்று தோற்று, இரு நாட்டு டெஸ்ட் தொடருக்கான, 2017 முதல் நம்மிடம் இருந்த பார்டர்-கவாஸ்கர் கோப்பையை விட்டுவிட்டு வந்தோம். பெர்த்திலும் பிரிஸ்பேனிலும் அவர்கள் நம் வசதி பார்த்தா ஆடுகளம் அமைக்கிறார்கள்? முதல் நாள் உணவு இடைவேளைக்கு முன்பே பந்து திரும்பவேண்டும். ஒவ்வொரு டெஸ்டும் மூன்று நாளில் முடியவேண்டும். ஐந்துக்கு ஐந்து. இது எங்கள் குழுவின் ஏகமனதான தீர்மானம். உங்களைப் போன்றவர்களுக்கு இந்தியா வெல்வதைவிட ஆட்டம் அழகாக இருப்பதுதான் முக்கியமா?

இன்னொன்று. சென்னைக்கு ஒரு டெஸ்ட் கிடைத்தால், எனக்கு ஒரே ஒரு நாள்தான் விடுப்பு கிடைக்கும். எந்த நாளுக்கு டிக்கெட் எடுக்கலாம்?

க. ரா.
திருச்சி

*

அன்புள்ள க. ரா.,

இந்தியா வெல்லவேண்டும். ஐந்துக்கு ஐந்து என்றால் எனக்கும் இனிக்கும். அழகைப் பற்றி இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். இப்போது வெற்றியை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதல் நாளே புழுதி கிளம்பும் ஆடுகளம், வரும் விருந்தாளிக்கு நாமே வலியக் கொடுக்கும் சலுகை என்பது என் கட்சி.

2004இல் கில்கிறிஸ்ட் தலைமையில் வந்த ஆஸ்திரேலியா இங்கே தொடரை 2-1 என்று வென்றது. அதற்குப் பிறகு 2008, 2010, 2013, 2017, 2023 என ஐந்து முறை டெஸ்ட் தொடருக்கு வந்திருக்கிறார்கள். இத்தனை பயணங்களிலும் சேர்த்து அவர்கள் வென்றவை இரண்டே டெஸ்ட்கள்: 2017இல் புனே, 2023இல் இந்தூர். இரண்டுமே மூன்றாம் நாளில் முடிந்தவை. இரண்டு ஆடுகளங்களையும் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் (ஐசிசி) நடுவர்கள் 'மோசம்' என்றார்கள். இந்தூருக்கு மட்டும் பிறகு மேல்முறையீட்டில் ஒரு படி ஏற்றிக் கொடுத்தார்கள். அதாவது, உங்கள் குழு தீர்மானம் போட்டுக் கேட்கும் அதே ஆடுகளத்தில் மட்டும்தான் அவர்கள் நம்மை நம் வீட்டில் வென்றிருக்கிறார்கள்.

புனேயில் நாம் எடுத்தது 105, பிறகு 107. தோற்றது 333 ரன்களில். நம்மை வீழ்த்தியவர் ஸ்டீவ் ஓகீஃப். முதல் இன்னிங்ஸில் 35 ரன்களுக்கு ஆறு விக்கெட், இரண்டாவதிலும் 35க்கு ஆறு. இந்தூரில் 109க்குச் சுருண்டோம். 16 ரன் கொடுத்து ஐந்து விக்கெட் எடுத்த மாத்யூ கூனமன், தொடர் தொடங்கிய பிறகு விமானம் ஏற்றி வரவழைக்கப்பட்டவர், அப்போது தன் இரண்டாவது டெஸ்டை ஆடிக்கொண்டிருந்தார். இன்னும் பின்னால் போனால் 2004 மும்பை. எப்போதாவது கையைச் சுழற்றும் மைக்கேல் கிளார்க் அங்கே 9 ரன்களுக்கு ஆறு விக்கெட் எடுத்தார். 107 ரன் இலக்கை எட்டமுடியாமல் ஆஸ்திரேலியா 93க்கு ஆட்டமிழந்ததால் 13 ரன்களில் நாம் தப்பித்தோம். வென்றுவிட்டோம் என்பதால் அந்த ஆடுகளத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இவர்களோடு ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்னை வைத்துப் பாருங்கள். டெஸ்டில் 708 விக்கெட் எடுத்த மனிதர். இந்தியாவில் ஒன்பது டெஸ்ட்கள் ஆடி அவர் எடுத்தது 34 விக்கெட், சராசரி 43. ஓகீஃபும் கூனமனும் கிளார்க்கும் வார்னைவிடப் பெரிய சுழற்பந்து வீச்சாளர்கள் என்று உங்கள் குழுவிலேயே ஒருவரும் சொல்லமாட்டார். காரணம் மண்தான். ஓரளவு ஒழுங்கான ஆடுகளத்தில் பந்து திரும்பினாலும் எவ்வளவு எழும்பும் என்று மட்டையாளர் நம்பலாம். சச்சினும் லக்ஷ்மணும் இறங்கி வந்து அடித்தது அந்த நம்பிக்கையில்தான். உடைந்த மண்ணில் ஒரு பந்து திரும்பும், அடுத்தது நேராகச் சறுக்கும். அது எது என்று வீசியவருக்கே தெரியாது. அங்கே வேண்டியதெல்லாம் ஒரே இடத்தில் பந்தைப் போடும் பொறுமை மட்டும். காற்றில் பந்தை மிதக்கவைக்கும் கலை, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் தந்திரம், அதற்காக நம் ஆட்கள் கழித்த இருபது ஆண்டுகள் எல்லாம் செல்லாக்காசு. நம் நல்ல பந்துவீச்சாளருக்கும் அவர்களுடைய சுமாரான பந்துவீச்சாளருக்கும் இருக்கும் தூரத்தை நாமே மண்ணைக் கொட்டித் தூர்க்கிறோம்.

நியூசிலாந்து 2024இல் இங்கே வந்து 3-0 என்று வென்றதே, அதில் அவர்களுடைய சுழற்பந்து வீச்சாளர்கள் புனேயில் சான்ட்னர் 13 விக்கெட், மும்பையில் அஜாஸ் படேல் 11. 2025 நவம்பரில் கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்கா வைத்த 124 ரன் இலக்கைத் துரத்தி 93க்கு விழுந்தோம். அணி கேட்டது இப்படிப்பட்ட ஆடுகளத்தைத்தான் என்று தோற்ற பிறகு பயிற்சியாளர் கம்பீரே சொன்னார். நேர்மையாக ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். அடுத்த டெஸ்ட் நடந்த குவஹாத்தியில் ஆடுகளம் சரியாகவே இருந்தது, அங்கும் 408 ரன்களில் தோற்றோம். நல்ல மண் வெற்றியைக் கொண்டுவந்து கொடுத்துவிடாது. ஆனால் அங்கே தோற்றால், மோசமாக ஆடினோம், தோற்றோம் என்று தெளிவாகத் தெரியும்.

அவர்கள் மட்டும் நமக்காகவா ஆடுகளம் அமைக்கிறார்கள் என்கிறீர்கள். இல்லைதான். சொந்த மண்ணின் இயல்பு சொந்த அணிக்கு உதவுவதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அந்த இயல்பை முறுக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2025 மெல்போர்ன் இருக்கிறது. இங்கிலாந்தோடு ஆடிய ஆஷஸ் தொடரில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கிய டெஸ்ட். புல்லை விட்டுவைத்தார்கள். இரண்டு நாளில் 36 விக்கெட் விழுந்து ஆட்டம் முடிந்தது. வென்றது யார்? 2011 ஜனவரிக்குப் பிறகு ஆஸ்திரேலிய மண்ணில் ஒரு டெஸ்ட்கூட வென்றிராத இங்கிலாந்து!

சென்ற முறை நாம் தோற்ற அதே மெல்போர்னில், 2024 டிசம்பரில், ஐந்து நாளும் சேர்த்து 3,73,691 பேர் வந்தார்கள். ஐந்தாம் நாள் மட்டுமே எழுபதாயிரத்துக்கு மேல். தேநீர் இடைவேளையின்போது நாம் மூன்று விக்கெட் இழப்புக்கு 112. டிரா செய்துவிடுவோம் என்று நம்பிக் காபி போடப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் சரிவு தொடங்கிவிட்டது. 155க்கு எல்லாம் முடிந்தது. அன்று முழுக்க எரிச்சலாகத்தான் இருந்தேன். மார்கழி விடியலில் கோவிலுக்குப் போகாமல் தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்ததற்கு வீட்டில் வாங்கிய வசவு வேறு. ஆனாலும் அந்தத் தோல்வியை இன்றும் பந்து பந்தாகச் சொல்லமுடிகிறது. இந்தூர் தோல்வியில் ஸ்கோரைத் தவிர எனக்கு ஒன்றும் நினைவில்லை.

நீங்கள் கேட்காவிட்டாலும் நான் எதற்காகக் காத்திருக்கிறேன் என்று சொல்கிறேன். சென்ற தொடரில், பெர்த்தில் ஜெய்ஸ்வால் வேகப்பந்து வீச்சாளர் மிட்செல் ஸ்டார்க்கிடம், பந்து மெதுவாக வருகிறது என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு 161 அடித்தார். அடுத்த டெஸ்ட் அடிலெய்டில். ஆட்டத்தின் முதல் பந்து. ஸ்டார்க் வீசினார், ஜெய்ஸ்வால் எல்.பி.டபிள்யூ ஆகி வெளியேறினார். இரண்டு வார்த்தைப் பேச்சுக்கு இரண்டு வாரம் கழித்து வந்த பதில் அது! இந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. அதே தொடரில் பும்ரா 32 விக்கெட் எடுத்தார், கடைசி இன்னிங்ஸில் பந்துவீச உடல் இடம் கொடுக்கவில்லை. அதுவும் தீராத கணக்குதான். இவையெல்லாம் தீரவேண்டுமானால் வேகப்பந்து வீச்சாளர்கள் பழைய பந்தோடும் வந்து வீசவேண்டும். உங்கள் குழுவின் ஆடுகளத்தில் பும்ரா நான்கு ஓவர் போட்டுவிட்டு பவுண்டரிக்கு அருகே நின்று நகம் கடிப்பார். ஆஸ்திரேலியா இங்கே கடைசியாக நான்குக்கு மேல் டெஸ்ட்கள் ஆடிய தொடர் 1979-80இல் நடந்தது. இத்தனை காலம் கழித்து ஐந்து டெஸ்ட்கள் கிடைக்கும்போது அதைப் பதினைந்து நாளாகச் சுருக்க வேண்டுமா?

எப்படிப்பட்ட ஆடுகளம் வேண்டும் என்று கேட்டால் சேப்பாக்கத்தின் செம்மண்ணைச் சொல்வேன். அங்கே செம்மண், கரிசல் இரண்டு வகையிலும் பட்டைகள் உண்டு. 2024 செப்டம்பரில் வங்கதேசத்தோடு ஆடியது செம்மண்ணில். முதல் நாள் காலை ஹசன் மஹ்மூத் நம் மேல்வரிசையைக் கலைத்தார். 144க்கு ஆறு. பிறகு அஸ்வினும் ஜடேஜாவும் 199 ரன் சேர்த்தார்கள். அடுத்து பும்ரா வந்து நான்கு விக்கெட். கடைசியில், உள்ளூர்க்காரர் அஸ்வின் சதத்துக்கு மேல் ஆறு விக்கெட்டையும் எடுத்தார். 280 ரன்களில் வென்றோம், நான்காம் நாளில். வேகம், மட்டை, சுழல் மூன்றுக்கும் முறை வைத்து இடம் கொடுத்த மண். வெற்றியும் கிடைத்தது.

டிக்கெட்டுக்கு வருவோம். ஐந்தாம் நாளுக்குத்தான் உங்கள் கை போகும். 1986இல் ஆஸ்திரேலியாவோடு ஆடியபோது, ஆட்டம் முடிய ஒரு பந்து மீதமிருக்க மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ ஆகி, இரு அணியின் ரன்களும் சமமாக 'டை' ஆனது சேப்பாக்கத்தில் ஐந்தாம் நாளில்தான். 2001இல் அதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக எட்டு விக்கெட்டை இழந்து வெற்றி இலக்கான 155ஐ நாம் எட்டியதும் ஐந்தாம் நாள். ஆனால் 2004ஐயும் நினைத்துக்கொள்ளுங்கள். வெற்றிக்கு 229 வேண்டும். நான்காம் நாள் முடிவில் விக்கெட் இழப்பின்றி 19. முதல் இன்னிங்ஸில் 155 அடித்த சேவாக் களத்தில் நிற்கிறார், எதிரே மெக்ராத், கில்லஸ்பி, வார்ன். ஊரே அன்றிரவு மனக்கணக்குப் போட்டது. காலையில் வடகிழக்குப் பருவமழை வந்து உட்கார்ந்தது. ஒரு பந்துகூட வீசவில்லை. அக்டோபரில் சென்னையில் டெஸ்ட் வைத்த மகானுபாவரை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

அந்த டெஸ்டில் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் நான்காம் நாளுக்கு வந்தவர்கள். மார்ட்டின் ஒரு பக்கம் சதம் அடிக்க, இன்னொரு பக்கம் கில்லஸ்பி என்ற வேகப்பந்து வீச்சாளர் மணிக்கணக்கில் பந்தைத் தடுத்துக் கட்டை போட்டுக்கொண்டிருந்தார். கும்ப்ளே அந்த டெஸ்டில் 13 விக்கெட் எடுத்தார். அப்படிப்பட்டவரைக் காக்கவைத்த கட்டை அது.

ஆகவே நான்காம் நாளுக்கு எடுங்கள். தை, மாசி என்பதால் மழைக்குப் பயமில்லை. மைதானத்தின் ஒரு முனையான பட்டாபிராமன் கேட் பக்கமோ அதற்கு நேர் எதிரிலோ, பந்துவீச்சாளரின் கைக்குப் பின்னால் இடம் கிடைத்தால் விடாதீர்கள். பந்து எவ்வளவு திரும்புகிறது என்பது அங்கிருந்துதான் கண்ணுக்குத் தெரியும். பக்கவாட்டில் கிடைத்தால் எழும்பும் உயரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம், அதுவும் மோசமில்லை. திருச்சியிலிருந்து இரவு ரயிலுக்கு இப்போதே முன்பதிவு செய்யவேண்டாம், அட்டவணை மாறலாம்.

அன்புடன்