பிக் பேண்ட் கேள்வி பதில்: சோலோவுக்குப் பின்னால் யார்?

கேள்வி: ஸ்விங் கால (1930, 40களின்) பிக் பேண்ட், அதாவது பெரிய ஜாஸ் குழு, இசைத்தட்டுகள் எல்லாம் ஒரே கூட்டமாகக் கேட்கின்றன. எங்கே தொடங்குவது?

பதில்: பென்னி குட்மன் குழு 1935இல் பதிவு செய்த 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்'. மெட்டு ஜெல்லி ரோல் மார்ட்டனுடையது, அரேஞ்ச்மென்ட், அதாவது எந்த வாத்தியம் எங்கே என்ன வாசிக்க வேண்டும் என்ற அமைப்பு, ஃப்ளெட்சர் ஹெண்டர்சன். முதல் தடவை சோலோக்களை (ஒருவர் தனித்து வாசிக்கும் இடங்களை) கண்டுகொள்ளாதீர்கள். கடைசியில் டிரம்பெட், டிராம்போன் அணி ஒரு பக்கம், சாக்ஸபோன் அணி மறுபக்கம். ஒன்று கேட்க மற்றது வெடுக்கென்று பதில் சொல்லும். அது பிடிபட்டால் கூட்டம் தானாகப் பிரிந்துவிடும்.

கேள்வி: ஹெண்டர்சனுக்கே சொந்தக் குழு இருந்ததே?

பதில்: இருந்தது, 1934இல் கலைந்தது. காசுக்குத் திண்டாட்டம். குட்மனுக்கோ வாராவாரம் வானொலிக்குப் புதுச் சரக்கு வேண்டும். ஹெண்டர்சனின் அரேஞ்ச்மென்ட்களை வாங்கினார். 1935 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் பாலோமர் அரங்கில் கூட்டத்தைக் கிறங்கடித்தது அந்த இசைத்தாள்கள்தான். 'ஸ்விங் ராஜா' பட்டம் மட்டும் குட்மனுக்கு. எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேள்வி: இன்னொரு குழுத் தலைவர் டியூக் எலிங்டனிடம் அப்படி என்ன விசேஷம்?

பதில்: 'மூட் இண்டிகோ', 1930. தொடக்கத்தில் மெட்டை வாசிப்பது மூன்றே வாத்தியங்கள். வழக்கப்படி கிளாரினெட் மேலே, டிராம்போன் அடியில். இவர் தலைகீழாக்கினார்: மூடி போட்ட டிராம்போன் தார ஸ்தாயியில் டிரம்பெட்டை ஒட்டி நிற்கும், கிளாரினெட் மந்தர ஸ்தாயிக்கு இறங்கிவிடும். நான்காவதாக ஏதோ வாத்தியம் இருக்கிறதோ என்று சந்தேகமே வரும். 'டிரம்பெட்டுக்கு' என்று பொதுவாக எழுதாமல் தன் குழுவில் இன்னாருக்கு என்று எழுதியவர். அதனால்தான் அதே தாளை வேறு குழு வாசித்தால் சப்பென்று இருக்கிறது.

கேள்வி: 'டேக் தி ஏ டிரெயின்' அவருடையதுதானே?

பதில்: இல்லை, பில்லி ஸ்ட்ரேஹார்ன். 1941இல் உரிமைத்தொகைத் தகராறில் எலிங்டனின் பாட்டுகளை வானொலியில் வாசிக்க முடியாமல் போனது. அந்த இடைவெளியில் நுழைந்து குழுவின் முகப்பு இசையாகவே ஆகிவிட்டது.

கேள்வி: கவுன்ட் பேஸி குழுவில் இசைத்தாளே இல்லையாமே?

பதில்: ஆரம்பத்தில் பாதிக்கு மேல் வாய்வழிதான், ஒருவர் ஒரு துணுக்கு வாசிப்பார், மற்றவர்கள் ஒட்டிக்கொள்வார்கள். 1937இல் சேர்ந்த ஃப்ரெடி கிரீனின் கிடாரைத் தேடிப் பாருங்கள், அடிக்கு ஒரு தட்டு, அவ்வளவுதான். செல்போன் ஸ்பீக்கரில் ஆள் அகப்பட மாட்டார்.

கேள்வி: கிளென் மில்லர் குழு எப்படி?

பதில்: சாக்ஸபோன்களுக்கு மேலே கிளாரினெட்டை ஏற்றிய அந்த இழைவு அழகுதான். நான்கு பாட்டுக்கு மேல் எனக்குத் தூக்கம் வரும்.

கேள்வி: பெண் அரேஞ்சர்கள் உண்டா?

பதில்: மேரி லூ வில்லியம்ஸ். கான்சஸ் சிட்டியின் ஆண்டி கிர்க் குழுவுக்குப் பியானோவும் அவர், அரேஞ்ச்மென்டும் அவர். 1936இன் 'வாக்கின் அண்ட் ஸ்விங்கின்' கேளுங்கள். சாக்ஸபோன் அணியோடு ஒரு டிரம்பெட்டையும் சேர்த்து உட்கார வைத்திருக்கிறார். எந்த இடம் என்று கண்டுபிடித்து எழுதுங்கள்.